ஊர்க் கோட்டையையும் ஊரின் பெரியோரையும் பதிவு செய்யும் முறை

ஊர் வரலாறு எழுத முனையும் வன்னி மாணவர்களும் ஆசிரியர்களும், கல்லில் உள்ளதையும் வாய்வழி வந்ததையும் ஒரே கொப்பியில் எழுதலாம். ஆனால் ஒன்றோடொன்று கலந்துவிடலாகாது.

அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில், பொய்ன் ஆற்றங்கரையில் உள்ள திரிம் என்னும் சிறு பட்டினம் இதற்கு நல்ல பாடம். அங்குள்ள கோட்டையை 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியவர் நோர்மன் பிரபு ஹியூ டி லேசி. ஊர்வழக்கோ அதை ஜோன் மன்னனின் கோட்டை என்கிறது. 1210இல் அம்மன்னன் அங்கு வந்தது உண்மை, கட்டியது அவனல்ல. இத்தகைய பெயரைத் தள்ளிவிடாமல், 'ஊர்வழக்கு' என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நம்மிடமும் அப்படித்தான். 1803இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதை ஊரே சொல்லும்; கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் தரப்பு நாட்டிய கல்லோ, அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்ததையே சொன்னது. ஆகவே எந்தக் கல்லானாலும் அதை நாட்டியவர் யார் என்பதை முதலில் எழுதுங்கள். எழுத்துகளை வரிக்கு வரி, பிழை இருந்தாலும் திருத்தாமல், படியெடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் தெரியும். சுண்ணக்கட்டி பூசுவதும் சுரண்டுவதும் கல்லைக் கெடுக்கும். பூநகரிக் கோட்டை போன்ற இடங்களில் சுவரின் நீளத்தையும் தடிப்பையும் நாடாவால் அளந்து, முருகைக்கல்லா செங்கல்லா என்று குறியுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் எக்காரணம் கொண்டும் இறங்கவேண்டாம்.

முதியோரிடம், "இதை ஆர் சொல்லக் கேட்டனீங்கள், அம்மம்மா?" என்று கட்டாயம் கேளுங்கள். 1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் இவ்வாறே வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதியவை இன்று பெருந்தொகுப்பாக உள்ளன. இடப்பெயர்வில் உறுதிகளையும் படங்களையும் இழந்த நமக்கு, சொல்பவரின் பெயர், வயது, முந்திய ஊர், கேட்ட நாள் ஆகியவையே சான்று.

பெரியோர் பட்டியலில் பிறந்தவர், வளர்ந்தவர், பணிசெய்தவர் என்று பிரித்தெழுதுங்கள். பின்னாளில் வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்ற தளபதியான வெலிங்டன் பிரபு 1790 முதல் திரிமின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1817இல் அவருக்கு அங்கே தூணும் எழுந்தது. பிறந்த ஊராகப் பெரும்பாலும் டப்ளினே சொல்லப்படுகிறது. தளபதிகளோடு நின்றுவிடாமல், கூத்து அண்ணாவியாரையும், மருத்துவிச்சியையும், குளக்கட்டைக் காத்த கமக்காரரையும் சேருங்கள். முடிந்ததும் ஒரு பிரதியைப் பாடசாலையிலும் மற்றொன்றைப் பிரதேச சபை நூலகத்திலும் ஒப்படையுங்கள்.