மளிகைச் சீட்டை வைத்தே வீட்டுச் சாப்பாட்டின் சத்தைக் கணக்கிடுவது எப்படி?

ஊட்டச்சத்துக் கணக்கு என்றதும் வேளாவேளைக்குத் தட்டை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஆரம்பித்தால் மூன்றாம் நாளே சலித்துவிடும். மாதத்துக்கு வீட்டுக்குள் என்ன வந்தது, எத்தனை பேர் சாப்பிட்டுத் தீர்த்தார்கள், இந்த இரண்டும் தெரிந்தால் போதும். வேலூர், ஆற்காடு, குடியாத்தம் எந்தப் பக்கமானாலும் ரேஷன் சாமான், மளிகைச் சீட்டு, பால் கணக்கு மூன்றும் வீட்டில் இருக்கும். அவற்றோடு ஒரு கால்குலேட்டர்.

முதலில் சில எண்கள்

மாவுச்சத்து 1 கிராமுக்கு 4 கலோரி, புரதமும் 4, கொழுப்பு 9. வைட்டமின், தாது உப்பு, தண்ணீர் இவற்றில் கலோரி கிடையாது; ஆனால் இவை குறைந்தால் தின்றது உடம்பில் ஒட்டாது. புரதம் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரியும். அவற்றில் 9 அமிலங்களை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். கொழுப்பிலும் அப்படி இரண்டு உண்டு.

உட்கார்ந்த வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு நாளைக்கு 2110 கலோரி, 54 கிராம் புரதம். 55 கிலோ பெண்ணுக்கு 1660 கலோரி, 46 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரிக்கு ஒரு மாதிரித் தட்டு இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு 85, காய்கீரை 400, பழம் 100, கொட்டை வகை 35, எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சமைக்காத எடை. இதுதான் நம் அளவுகோல்.

படி 1: சீட்டைப் பிரித்து எழுதுங்கள்

சோற்றரிசி, இட்லி அரிசி, கோதுமை, ரவை, சேமியா, கேழ்வரகு எல்லாம் தானியக் கணக்கு. இட்லிக்குப் போடும் உளுந்தும் தாளிக்கிற கடலைப்பருப்பும் பருப்புக் கணக்கு. உருளைக்கிழங்கைக் காயோடு சேர்க்காதீர்கள், அது மாவுச்சத்து. எண்ணெய்க்கு 1 லிட்டர் என்றால் 910 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடை போண்டா, ஓட்டல் பரோட்டா இந்தச் சீட்டில் வராது. ஓரமாகத் தனியே குறியுங்கள், பிறகு எண்ணெய்க் கணக்கு உதைக்கும்போது காரணம் புரியும்.

படி 2: வகுத்துப் பாருங்கள்

ஆட்களை 30-ஆல் பெருக்குங்கள். நான்கு பெரியவர்கள் என்றால் 120. நாலு முதல் ஒன்பது வயதுப் பிள்ளையை முக்கால் ஆளாக எடுக்கலாம்; துல்லியமில்லை, இந்த வேலைக்குப் போதும். மாதிரிக்கு ஒரு வீடு: தானியம் 42 கிலோ (எல்லாமே அரிசி), பருப்பு 4.5 கிலோ, எண்ணெய் 5 லிட்டர், சர்க்கரை 4 கிலோ, பால் 30 லிட்டர், காய் 20 கிலோ, வேர்க்கடலை 1 கிலோ, உப்பு ஒன்றரைக் கிலோ.

120-ஆல் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு: தானியம் 350 கிராம், பருப்பு 37, எண்ணெய் 38, சர்க்கரை 33, பால் 250 மில்லி, காய் 167 கிராம், கடலை 8. உப்பு 12.5 கிராம், ஊறுகாய்க்கும் கழுவுவதற்கும் போனதைக் கழித்தாலும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராமைத் தாண்டித்தான் நிற்கும்.

இந்த வீட்டுக் கலோரி சுமார் 2090. பட்டினி இல்லை, வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கு இது தேவைக்கு மேலேயே. ஆனால் அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அரிசியிலிருந்து வருகிறது. தானியத்திலிருந்து வருவதற்கு ஐதராபாத் நிறுவனம் சொல்வது 45-க்குள். புரதம் கூட்டினால் 46 கிராம் வரும், தாளில் பார்க்க நன்றாகவே இருக்கும். அதில் 28 கிராம் அரிசிப் புரதம், அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் லைசின் உண்டு, மெத்தியோனின் என்ற இன்னொரு அமிலம் குறைவு, அது அரிசியில் உண்டு. ஆகவே இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் புரதம். சோறும் சாம்பாரும் சரியான ஜோடிதான், சாம்பாரில் பருப்பு இருந்தால்! 150 கிராம் துவரையைப் பத்துக் கரண்டி சாம்பாராக நீட்டினால் கரண்டிக்கு 15 கிராம் பருப்பு, அதாவது மூன்று கிராம் புரதம்.

ரேஷனை மட்டும் நம்பும் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நாலு பேர் உள்ள சாதாரண அரிசி கார்டுக்கு 20 கிலோ அரிசி, 1 கிலோ துவரம் பருப்பு, 1 லிட்டர் பாமாயில். அந்தப் பருப்பு ஆளுக்கு நாளைக்கு 8 கிராம்தான்.

படி 3: பருப்புப் பக்கத்தைத் தூக்குங்கள்

நாலு பேருக்கு 85 கிராம் வீதம் மாதம் 10 கிலோ பருப்பு வேண்டும். அவ்வளவையும் துவரையாக வாங்கினால் பட்ஜெட் தாங்காது. கொள்ளு, காராமணி, மொச்சை, பச்சைப்பயறு எல்லாவற்றிலும் புரதம் 100 கிராமுக்கு 20 முதல் 24 வரை உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஏறத்தாழ 30 கிராம் பருப்புக்குச் சமம். தினம் ஆளுக்கு ஒரு முட்டை சேர்ந்தால் பருப்பு 6.6 கிலோவில் முடிந்துவிடும்.

மல்லாட்டை (வேர்க்கடலை) நம் வேலூர்ப் பக்கத்தின் சொந்த விளைச்சல். 25 கிராமில் 6 கிராம் புரதம், 11 கிராம் கொழுப்பு. சேர்க்கும்போது எண்ணெயில் அந்த அளவைக் குறையுங்கள். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய மல்லாட்டையைப் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

ஒரே வாரத்தில் பருப்பை இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பி, வீட்டில் எல்லாரும் இந்தத் திட்டத்தையே திட்டுவார்கள். இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

படி 4: இரும்பும் சுண்ணாம்பும்

அதிகம் இடிப்பது இங்கேதான். பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19. மேலே சொன்ன வீட்டில் அரிசி, பருப்பு, காய் எல்லாம் சேர்ந்தும் பத்தைத் தொடுவதே கஷ்டம்.

ரேஷன் அரிசியில் வேறு மாதிரி தெரியும் சில மணிகளை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கிப் போடுகிறார்களே, அவைதான் செறிவூட்டிய மணிகள். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவில் அச்சாக்கி, நூற்றுக்கு ஒன்று வீதம் கலக்கிறார்கள். கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்கும். கழுவும்போது மிதப்பதை வடித்துக் கொட்டினால் போவது மருந்துக்குச் சமமான சரக்கு. (தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

செடியிலிருந்து வரும் இரும்பை உடம்பு எளிதில் இழுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால் இழுக்கும். கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் சி வீணாகும். பெரிய நெல்லிக்காய் ஒன்றோ பாதிக் கொய்யாவோ ஒரு நாள் தேவைக்குப் பெரும்பாலும் போதும். டீ, காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

சுண்ணாம்புச் சத்து நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். பால் 250 மில்லியில் 300 கிடைக்கும், கேழ்வரகு 100 கிராமில் 360 அளவு, முருங்கைக் கீரை 50 கிராமில் 150. அதனால்தான் 42 கிலோ அரிசியில் ஒரு பங்கைக் கேவுரு மாவாக மாற்றச் சொல்கிறோம். களியைவிடக் கூழ் இந்த விஷயத்தில் ஒரு படி மேல்: மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைக்கும்போது, இரும்பையும் சுண்ணாம்பையும் கட்டிவைக்கும் ஃபைடேட் குறைகிறது. முளைகட்டி அரைத்த மாவிலும் அதே பலன். ஆடி மாதத்தோடு கூழை நிறுத்திவிட வேண்டியதில்லை.

பி12 செடிகளில் கிடையாது. பால், முட்டை, கறி, மீன்தான் வழி. ஆம்பூர் பிரியாணியைப் பாவப்பட்டியலில் சேர்க்காதீர்கள்; அதிலுள்ள கறியில் பி12-உம் எளிதில் சேரும் இரும்பும் உண்டு. சோற்று அளவைக் குறைத்துக்கொண்டால் போதும்.

படி 5: அடுப்பில் தொலைப்பதை நிறுத்துங்கள்

பி வகையும் சியும் தண்ணீரில் கரையும். ஏ, டி, இ, கே கொழுப்பில். அரிசியை நாலைந்து தரம் தேய்த்துக் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் தயமின் என்ற பி1 சாக்கடைக்குத்தான். இந்தக் குறை முற்றினால் நரம்பையும் இதயத்தையும் கெடுக்கும் பெரிபெரி நோய். மேலே சொன்ன ஐதராபாத் நிறுவனமே 1918-இல் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சிக்கென்று ஒற்றை அறையில் தொடங்கியதுதான். ஆரணிப் பக்கத்துப் புழுங்கலரிசிக்கு இதில் ஒரு அனுகூலம்: நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும், தீட்டினாலும் முழுதாகப் போகாது.

காயை வெட்டுமுன் கழுவுங்கள். கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் இருக்கட்டும், கரோட்டின் சேர அது வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான், ஆனால் தினமும் கத்தரிக்காயே காய் என்றால் 400 கிராம் கணக்கு நிறைந்தும் சத்து நிறையாது. நூறு கிராமாவது கீரையாக இருக்க வேண்டும்.

படி 6: அடுத்த மாதச் சீட்டு

நாலு பெரியவர்களுக்கு இப்படி எழுதலாம்: தானியம் 30 கிலோ (அதில் 6 கேழ்வரகு), பருப்பு 6.6 கிலோவுடன் 120 முட்டை, காய்கீரை 48 கிலோ, பழம் 12 கிலோ, கடலையும் எள்ளும் 4 கிலோ, எண்ணெய் மூன்றரை லிட்டர், பால் 36 லிட்டர், சர்க்கரை 3 கிலோவுக்குள், அயோடின் உப்பு 600 கிராம். ஒரே மாதத்தில் இங்கே வர வேண்டாம். முதலில் பருப்பு, பிறகு கீரை, கடைசியில் அரிசியைக் குறையுங்கள். வரிசை மாறி அரிசியை முதலில் குறைத்தால் பசி எடுத்து பிஸ்கட்டில் போய் முடியும்.

தையல் போன்ற உட்கார்ந்த வேலைக்குத்தான் இந்தத் தானிய அளவு. கல் உடைப்பது, மூட்டை தூக்குவது போன்ற கடும் உழைப்பில் ஆணுக்கு 3470 கலோரி வரை வேண்டும், அங்கே தானியத்தில் கை வைக்காதீர்கள். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள், இன்சுலின் போடுகிறவர்கள் ஆகியோருக்கு இந்தச் சீட்டு பொருந்தாது. ரத்தசோகை ஏற்கெனவே இருந்தால் கீரையை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.