டிகே-இன்டர் சாளரத்துக்குள் மேட்பிளாட்லிப் வரைபடம்: கே.ஆர்.பி. அணை நீர்மட்டச் செயலி

கிருஷ்ணகிரி அருகே தென்பெண்ணையாற்றின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணையின் மொத்த உயரம் 52 அடி; மழைக்காலத்தில் அதன் நீர்மட்டம் நாளிதழ்களில் வெளியாகிறது. அந்த எண்களை உள்ளிட்டால் கோட்டு வரைபடமாகக் காட்டும் செயலி ஒன்றைப் பைத்தானில் எழுதுவோம். சாளரம், பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி ஆகியவற்றை டிகே-இன்டரும், வரைபடத்தை மேட்பிளாட்லிப்பும் பார்த்துக்கொள்ளும். உபுண்டுவில் டிகே-இன்டரைத் தனிப் பொதியாக நிறுவ வேண்டியிருக்கும். கட்டளைப் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்துள்ளேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: சாளரம் யாருடைய பொறுப்பு? தொடக்கநிலைப் பாடங்கள் பெரும்பாலும் கற்றுத்தரும், மேட்பிளாட்லிப்பின் ஒரு பகுதியான பைப்ளாட், தானே ஒரு சாளரத்தைத் திறந்து, விசை அழுத்தம், சுட்டியின் சொடுக்கு முதலியவற்றுக்குக் காத்திருக்கும் நிகழ்வுச் சுழற்சியையும் தானே நடத்தும். டிகே-இன்டரின் மெயின்லூப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு காவலர்கள் வேண்டாம். ஆகவே பைப்ளாட்டை இந்த நிரலில் இறக்குமதியே செய்யாதீர்கள்.

அதற்குப் பதிலாக, மேட்பிளாட்லிப்பின் ஃபிகர் வகுப்பிலிருந்து நேரடியாக ஒரு படத்தை உருவாக்குங்கள். அகலம் 5 அங்குலம், உயரம் 4 அங்குலம், அடர்த்தி அங்குலத்துக்கு 100 புள்ளி என்று கொடுத்தால் 500-க்கு 400 படப்புள்ளிகள் கிடைக்கும். அதில் ஓர் அச்சுத் தொகுதியைச் சேர்த்து, செங்குத்து அச்சை 0 முதல் 55 வரை நிறுத்தி, 52-இல் ஒரு கிடைக்கோடு இடுங்கள். பிறகு ஃபிகர்கேன்வாஸ்-டிகே-ஏஜிஜி என்ற வகுப்பிடம் அந்தப் படத்தையும் முதன்மைச் சாளரத்தையும் ஒப்படைத்தால், வரைபடம் சாளரத்தின் சாதாரண உறுப்பாக மாறிவிடும். கெட்-டிகே-விட்ஜெட் மூலம் அதைப் பெற்று பேக் செய்யலாம், அதாவது சாளரத்துக்குள் இடம் கொடுத்து அமர்த்தலாம்.

பேக் செய்யும் வரிசை முக்கியமானது. முதலில் பேக் செய்த உறுப்புக்கே முதலில் இடம் ஒதுக்கப்படும் என்பதால், வரைபடத்தை முன்னால் வைத்தால், சாளரத்தைச் சுருக்கும்போது கீழே உள்ள பொத்தான்கள் மறைந்துபோகும். பொத்தானையும் உள்ளீட்டுப் பெட்டியையும் அடிப்பக்கமாக முதலில் பேக் செய்துவிட்டு, எந்த அளவுக்கும் வளைந்துகொடுக்கும் வரைபடத்தைக் கடைசியில், இரு திசையிலும் விரியுமாறு வையுங்கள்.

புதிய எண் வரும்போதெல்லாம் மீண்டும் பிளாட் செய்தால் கோட்டின் மேல் கோடு குவியும். பழைய கோட்டையே வைத்துக்கொண்டு புதிய எண்களைத் தர செட்-டேட்டா, அச்சின் எல்லையைக் கணக்கிட்டுப் பொருத்த ரீலிம், ஆட்டோஸ்கேல்-வியூ, மீண்டும் வரைய டிரா-ஐடில் என்ற வரிசையில் அழையுங்கள். மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லாததால், அச்சுக்குத் தமிழில் பெயரிட்டால் வெறும் கட்டங்களே தெரியும். லினக்ஸில் சாளரத்தின் தலைப்புப் பட்டையை வரைவது சாளர மேலாளர் என்பதால், தமிழ்ப் பெயரை அங்கே இடுவதே எளிது.

எண்களைக் கோப்பிலிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை படிக்க விரும்பினால் நிரலை நிறுத்திவைக்கும் ஸ்லீப் பயன்படுத்தாதீர்கள், சாளரம் உறைந்துவிடும். குறித்த நேரம் கழித்து ஒரு செயற்கூறை அழைக்கும் ஆஃப்டரில் 60000 மில்லி விநாடி கொடுத்து, அது திருப்பித் தரும் அடையாளத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். பயனர் மூடும் பொத்தானை அழுத்தும்போது சாளர மேலாளர் அனுப்பும் மூடல் செய்தியை புரோட்டோகால் வழியாக உங்கள் செயற்கூறு ஒன்றுடன் இணையுங்கள். அதில் அந்த அடையாளத்தைக் கொண்டு காத்திருக்கும் அழைப்பை ரத்து செய்யும் ஆஃப்டர்-கேன்சலை முதலில் அழைத்து, அதன் பிறகே சாளரத்தை நீக்கும் டெஸ்ட்ராயை அழையுங்கள்.