டி-ஷர்ட்டின் கழிவு எங்கே பிறக்கிறது: கையால் அடுக்கிப் பார்க்கும் பலகை

துணிக் கழிவு என்றதும் மக்கள் பழைய துணி மூட்டையைத்தான் நினைக்கிறார்கள். சட்டை கடைக்கு வரும் முன்பே கட்டிங் மேசையடியில் குவியும் துண்டுகளை யாரும் பார்ப்பதில்லை. திருப்பூரில் இதற்குக் கட்டிங் வேஸ்ட் என்று பெயர். எண்களைப் பேனரில் அச்சடித்து மாட்டினால் கண்காட்சிக்கு வருபவர்கள் கடந்து போய்விடுவார்கள். அவர்களையே அடுக்கச் சொன்னால் நிற்பார்கள்.

பலகை நான்கில் ஒரு பங்கு அளவில் அமைகிறது. 50 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம் கொண்ட எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையின் மேல் மெல்லிய இரும்புத் தகடு ஒட்டுங்கள். இது 200 செ.மீ. அகலத் துணி. ஓரத்தில் வைத்து எடுக்கத் தனியாக ஒரு 5 செ.மீ. பட்டை வேண்டும். அதை வைத்தால் துணி 180 செ.மீ. ஆகிவிடும். நீளத்தைக் காட்ட, குறுக்கே நகரும் மரச்சட்டம் ஒன்று போதும்.

துண்டுகள் மூன்று டி-ஷர்ட்டுக்கானவை: முன்துண்டு 3, பின்துண்டு 3 (ஒவ்வொன்றும் 13 × 18 செ.மீ.), கை 6 (அகலம் 11, நீளம் 6). கழுத்து, அக்குள், கைமுனை வளைவுகளை நிஜ பேட்டர்னை (வெட்டு மாதிரியை) பார்த்து 3 மி.மீ. பலகையில் வெட்டி, பின்னால் காந்தத் தாள் ஒட்டுங்கள். நிஜப் பனியன் துணியில் வெட்டாதீர்கள். சிங்கிள் ஜெர்சி எனும் அந்தப் பின்னல் துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும், அரை மணியில் அளவே தெரியாது.

ஒவ்வொரு துண்டிலும் துணியின் நீளவாக்கைக் காட்டும் அம்புக்குறி கட்டாயம். அது இல்லாவிட்டால் எல்லோரும் கையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து மிச்சம் பிடிப்பார்கள். நிஜத்தில் அப்படி வெட்டிய கை வேறு திசையில் இழுபட்டு, தைத்தபின் உடலோடு ஒட்டாமல் நிற்கும். தலைகீழாக வைக்கலாம், குறுக்கே வைக்கக் கூடாது.

இனி எடைக் கணக்கு. காந்தம் ஒட்டும் முன் 12 துண்டுகளையும் எடை போடுங்கள். அதே பலகையில் 10 × 10 செ.மீ. சதுரம் ஒன்றையும் எடை போட்டு, துண்டுகளின் எடையை அதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் துண்டுகளின் மொத்தப் பரப்பு கிடைக்கும். வழக்கமான வளைவுகளுக்கு இது 1,580 சதுர செ.மீ. அளவில் வரும். சட்டம் நிற்கும் இடம்வரை உள்ள பரப்பிலிருந்து இதைக் கழித்து 0.085-ஆல் பெருக்குங்கள். 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) துணியில் ஒரு சட்டைக்கு எத்தனை கிராம் வீண் என்பது அதுதான். விடைகளைச் சட்டத்தின் பாதையிலேயே, 50 செ.மீ. அகலத்துக்கு ஒரு நிறத்திலும் 45 செ.மீ. அகலத்துக்கு வேறு நிறத்திலும் எழுதிவிடுங்கள்.

பலகையின் உயிர் அந்த 5 செ.மீ. பட்டையில் இருக்கிறது. முழு அகலத்தில் வரிசைக்கு மூன்று உடல் துண்டுகளும் பக்கத்தில் கைகளின் வரிசையும் சரியாக உட்கார, 36 செ.மீ.-இல் வேலை முடியும். வீண் 12 சதவீதம், சட்டைக்கு 18.7 கிராம். பட்டையை வைத்ததும் கைகளுக்குப் பக்கத்தில் இடமில்லை, கீழே இறங்கி நீளம் 48 ஆகும். வீண் 27 சதவீதம், சட்டைக்கு 49 கிராம். எவ்வளவு கச்சிதமாக நெருக்கினாலும் 46-க்குக் கீழே கொண்டுவருவது கடினம். கத்தரி தொடும் முன்பே, ரோலின் அகலத்தைத் தேர்ந்தெடுத்தபோதே கழிவு முடிவாகிவிட்டது என்பது விரலுக்குப் புரிகிற இடம் இது. கம்பெனிகளில் பல சைஸ்களைக் கலந்து லே போடுவதால் (வெட்டுவதற்குத் துணியை அடுக்கி விரிப்பதால்) இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்காது. விளக்குபவர் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

18.7 கிராமும் 49 கிராமும் கையில் ஒன்றுபோலவே இருக்கும். எனவே 20 சட்டைக்கான கழிவை (374 கிராம், 980 கிராம்) இரண்டு பைகளில் கட்டித் தொங்கவிடுங்கள், தூக்கிப் பார்க்கட்டும். பலகையை இடுப்பு உயரத்தில் லேசாகச் சாய்த்து வையுங்கள். நட்டு நிறுத்தினால் மலிவான காந்தத் தாள் வழுக்கும். கூட்டம் வந்தால் ஆளுக்கு மூன்று நிமிடம்.

பக்கத்தில் மூன்று வாளிகள் வைத்து நிஜக் கழிவைப் பிரிக்கச் சொல்லுங்கள். சுத்தமான பருத்தித் துண்டு கழிவுப் பஞ்சை நூற்கும் ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போய் நூலாகும். கிழிக்கும்போது இழை குட்டையாவதால் தடித்த நூல்தான் வரும், துவாலை, பெட்ஷீட், தரைவிரிப்புக்கு ஆகும். அழுக்கும் எண்ணெயும் பட்டது பட்டறையில் துடைக்கப் போகும். லைக்ரா (நீண்டு சுருங்கும் செயற்கை இழை) கலந்த துண்டை எந்த வாளியில் போடுவது என்று கட்டாயம் தயங்குவார்கள். இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ரப்பர்போலச் சட்டென்று திரும்பினால் லைக்ரா இருக்கிறது. அந்த இழை பருத்தியோடு சேர்ந்து கிழியாமல் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும், அதனால்தான் அது மூன்றாவது வாளிக்குப் போகிறது.