வேலூர் கோர்ட்டில் வழக்கு ஆவணம் கேட்கும் நிருபர்கள் செய்யும் தவறுகள்

சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் நடக்கும் விசாரணையைப் பொதுவாக யாரும் உட்கார்ந்து கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 153பி பிரிவும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366-வது பிரிவும் அதற்கு வழி செய்கின்றன. விசாரணை திறந்த மன்றத்தில் நடப்பதே விதி என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 1966-லேயே, நரேஷ் மிராஜ்கர் வழக்கில் சொல்லிவிட்டது. நீதி கெடும் என்றால் கதவைச் சாத்தும் அதிகாரமும் நீதிபதிக்கு உண்டு என்றது.

இதை வைத்துக்கொண்டு, "அண்ணே, கேஸ் கட்டைக் கொஞ்சம் காட்டுங்க, ஒரு போட்டோ மட்டும்" என்று பெஞ்ச் கிளார்க்கிடம் போய் நிற்பதுதான் முதல் தவறு. விசாரணையைக் கேட்கும் உரிமை, கட்டைப் புரட்டும் உரிமை ஆகாது. அப்படி எடுத்த படத்தை நாளை யாராவது மறுத்தால் உங்கள் கையில் ஆதாரம் இருக்காது. கிளார்க்குக்கு வேலையே சிக்கலாகும்.

அடுத்தது, 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி தகவல் உரிமை (ஆர்.டி.ஐ.) மனு போடுவது. நீதிமன்ற விதிகளிலேயே நகல் பெற வழி இருக்கும்போது வழக்கு ஆவணங்களை ஆர்.டி.ஐ. மூலம் கேட்க முடியாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியான வழி, அந்தக் கோர்ட்டிலேயே நகல் கேட்டுக் கொடுக்கும் நகல் மனுதான். நீங்கள் வழக்கில் மூன்றாம் தரப்பு என்பதால், எதற்காக நகல் வேண்டும் என்று சொல்லும் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முடிவு நீதிபதியுடையது.

மனு திரும்புவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் வாசகம்தான். "வழக்கு ஆவணங்கள் அனைத்தும்" என்று கேட்டால் எதை எடுப்பது என்றே நகல் பிரிவுக்குத் தெரியாது. வழக்கு எண், ஆண்டு, கோர்ட்டின் பெயர், ஆவணத்தின் பெயர், தேதி ஆகிய ஐந்தும் வேண்டும். முடிந்த வழக்கு என்றால் தீர்ப்புத் தேதியும் சேருங்கள். கட்டு ஆவண அறைக்குப் போயிருக்கும். 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்ததால், வாலாஜா, வாணியம்பாடி பக்கத்துப் பழைய வழக்கு இப்போது எந்தக் கோர்ட்டில் இருக்கிறது என்பதை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். மனு கொடுத்தபின் அறிவிப்புப் பலகையை மறந்துவிடக்கூடாது. நகலுக்கான முத்திரைத்தாள் கேட்டுப் பட்டியல் ஒட்டுவார்கள். கெடு தவறினால் மனு அடிபட்டுவிடும்.

எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) வேறு, விசாரணை முடித்துப் போலீஸ் கோர்ட்டில் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை வேறு. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது. பாலியல் வழக்குகள், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகள் போன்றவை விலக்கு. குற்றப்பத்திரிகையை அப்படிப் பொதுவெளியில் ஏற்ற முடியாது என்றது உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பு. கசிந்த குற்றப்பத்திரிகையில் இருப்பதைக் கோர்ட்டே கண்டுபிடித்ததுபோல் எழுதுவது இன்னும் மோசம்; அது போலீஸ் தரப்பு மட்டுமே.

போக்சோ வழக்கில் பெயரை விட்டுவிட்டால் போதும் என்ற நினைப்பு ஆபத்தானது. "அணைக்கட்டு அருகே மலைக்கிராமம், அப்பா ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளி, சிறுமி எட்டாம் வகுப்பு" என்று எழுதினால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். போக்சோ 23-வது பிரிவில் இதற்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டுமே உண்டு. பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் பெயர் போடக்கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நகலில் பெயர் இருக்கிறதே என்பது சாக்காகாது.

வாய்மொழிக் கருத்தை உத்தரவாக்குவது தலைப்பு போடும் இடத்தில் நடக்கும் தவறு. 2021-ல் தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகச் சாடியது உச்ச நீதிமன்றம் வரை போனது. வாய்மொழிக் கருத்துகளைச் செய்தியாக்க ஊடகங்களுக்குத் தடையில்லை, ஆனால் அவை தீர்ப்பின் பகுதி அல்ல என்று அங்கே முடிவானது. ஆகவே "நீதிபதி கேள்வி எழுப்பினார்" என்று எழுதலாம். "கோர்ட் உத்தரவு" என்று எழுத, கோர்ட் தளத்தில் உத்தரவு ஏறும்வரை பொறுங்கள்.