பொருளாதாரம் இரவல் வாங்கும் கதைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருளாதாரக் கட்டுரை எழுதுவோர் ஓர் உருவகக் கதையை எடுத்தாளும்போது, கதையாசிரியர் உள்ளே வைத்த பொருளையும் பின்னால் வந்த ஒருவர் அதன்மேல் ஏற்றிய பொருளையும் ஒன்றாகக் குழப்பிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. மற்ற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஓஸ் மந்திரவாதியின் கதையைப் பாருங்கள். ஃபிராங்க் பாம் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தச் சிறுவர் நாவலில் வரும் மஞ்சள் செங்கல் பாதை தங்கத்தையும், டாரத்தி அணியும் வெள்ளிக் காலணிகள் வெள்ளி நாணயத்தையும், கோழைச் சிங்கம் தங்கத்தோடு வெள்ளியையும் நாணயமாக்க வேண்டும் என்று 1896ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் வாதாடித் தோற்ற வேட்பாளர் பிரையனையும் குறிப்பதாகப் பாடநூல்களில்கூடப் படிக்கிறோம். இந்த விளக்கத்தைப் பரவலாக்கியவர் பாம் அல்லர். 1964இல் அதைக் கட்டுரையாக எழுதிய ஹென்றி லிட்டில்ஃபீல்டு என்னும் பள்ளி ஆசிரியர். பாமோ, இன்றைய சிறுவர்களை மகிழ்விப்பதற்காகவே எழுதியதாகத் தம் முன்னுரையில் கூறியிருக்கிறார். பாம் வெள்ளிக்காக வாதாடிய அந்த அரசியலின் ஆதரவாளர் என்று கொள்ள ஆதாரம் இல்லை என்பதை லிட்டில்ஃபீல்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆகவே, தங்கமா வெள்ளியா என்ற நாணயப் பூசலை விளக்கவே பாம் இக்கதையை எழுதினார் என்பது பிழை; அப்பூசலை விளக்க இக்கதை உதவும் என்பது சரி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 1939ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அந்தக் காலணிகள் சிவப்பு மாணிக்கக் காலணிகளாகிவிட்டன. படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் உருவகத்தின் அச்சாணியே கழன்றுவிடும்.

கதையைப் பாதியில் நிறுத்துவது அடுத்த தவறு. பெர்னார்டு மாண்டெவில் 1705இல் எழுதிய தேன்கூட்டுக் கவிதையில், ஆடம்பரத்திலும் வஞ்சகத்திலும் செழித்திருந்த தேனீக்கள் நேர்மைக்கு மாறியதும் தொழில்கள் நசிந்து கூடு தேய்கிறது. இதைக் கட்டற்ற சந்தைக்கான வாதமாகச் சிலர் காட்டுகிறார்கள். பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1936இல் இதே கவிதையை, எல்லோரும் சிக்கனத்தில் இறங்கினால் பொருள்களுக்கான தேவை சரியும் என்பதற்காக எடுத்துக்காட்டினார். ஆனால், தனிமனிதத் தீமைகளைத் திறமையான ஆட்சியாளரின் நிர்வாகமே பொதுநன்மையாக மாற்றும் என்று மாண்டெவில் பின்னர் எழுதியதை முதல் தரப்பினர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒரு கதை இரு தரப்புக்கும் பயன்படலாம். எந்தப் பகுதியை வெட்டி எடுத்தோம் என்பதை மட்டும் மறைக்கக் கூடாது.

தீவில் தனியே ஒதுங்கிய கதைமாந்தன் ராபின்சன் குரூசோவைத் தனித்து உழைத்துத் தேர்வு செய்யும் மனிதனின் மாதிரியாக வைப்பவர்களும், 1719ஆம் ஆண்டு நாவலில் அவன் உடைந்த கப்பலிலிருந்து கருவிகளையும் துப்பாக்கிகளையும் இறக்கிக்கொண்டதையும், அடிமைகளை வாங்கப் புறப்பட்ட பயணத்திலேயே அவன் கரையொதுங்கியதையும் சொல்வதில்லை. எளிமைப்படுத்துவது குற்றமில்லை, ஆனால் எளிமைப்படுத்தியதை வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும்.

கதையையே சான்றாகக் கொள்வதும் பெருந்தவறு. காரட் ஹார்டின் 1968இல் எழுதிய பொது மேய்ச்சல் நிலக் கதை, அதாவது ஒவ்வொருவரும் தம் மாடுகளைப் பெருக்கிக்கொண்டே போய்ப் பொது நிலத்தை அழித்துவிடுவார்கள் என்பது, ஒரு கற்பனைச் சூழல். பலர் அதை நடந்த நிகழ்ச்சிபோல மேற்கோள் காட்டினார்கள். உண்மையான மேய்ச்சல் நிலங்களையும் பாசனங்களையும் ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ராம், மக்கள் தாமே விதிகள் வகுத்து அந்தப் பொது வளங்களைப் பல இடங்களில் காத்து வந்திருப்பதைக் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.