ஒரு வெள்ளிக் கட்டியின் பின்னால் போய் யோங்செங் மன்னரைப் புரிந்துகொள்வது எப்படி?

சீன வரலாறு படிக்க உட்காருகிறவர்களை முதலில் விரட்டுவது பெயர்கள்தான். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். சிங் வம்சத்து மன்னர் யோங்செங் (ஆட்சி 1722–1735) அதிகாரத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்த விதத்தை வரைந்தே பார்த்துவிடலாம்.

படி 1: மூன்று கட்டங்கள்

கீழே மாவட்டம், நடுவில் மாகாணம், மேலே பெய்ஜிங். கீழ்க் கட்டத்தில் "ஆண்டுச் சம்பளம் 45 லியாங் வெள்ளி" என்று எழுதுங்கள். ஒரு லியாங் சுமார் 37 கிராம். மாவட்ட அதிகாரி தன் குடும்பம், உதவியாளர்கள், மேலதிகாரிக்குத் தரும் அன்பளிப்பு எல்லாவற்றையும் இதில் சமாளிக்க வேண்டும். முடியுமா?

படி 2: வெள்ளி எங்கே போகிறது?

மக்கள் வரியாகத் தந்த துண்டு வெள்ளியை உருக்கிக் கட்டியாக்கும்போது கொஞ்சம் குறையும். அதற்கென்று மேல்தொகை வாங்கினார்கள். நகைக்கடையில் சேதாரம் போடுகிறார்களே, அதே சங்கதி. உருகிப் போவது சொற்பம், வாங்குவது அதிகம்.

ஒரு கணக்குக்கு, வரி 100 லியாங், சேதாரம் 20 என்று வையுங்கள். 100 முறைப்படி கணக்கில் ஏறும். 20 கீழ்க் கட்டத்திலேயே தங்கிவிடும். சட்டத்தில் இல்லாத, ஆனால் ஊருக்கே தெரிந்த பணம்.

1724-இல் யோங்செங் இதை ஒழிக்கவில்லை, சட்டமாக்கினார். இப்போது ரப்பரால் அழித்து அந்த 20-ஐ நடுக் கட்டத்துக்கு நகர்த்துங்கள். மாகாணக் கருவூலத்தில் சேர்ந்த அந்தப் பணத்தால் பழைய பற்றாக்குறையை அடைத்தார்கள், பொதுச் செலவு பார்த்தார்கள். அதிகாரிகளுக்கும் ஒரு பங்கு போனது. அதன் பெயர் "நேர்மையை வளர்க்கும் வெள்ளி"! 45 வாங்கியவருக்கு இப்போது பல நூறு லியாங் கிடைத்தது.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே 20-லிருந்து பெய்ஜிங்குக்கு அம்புக்குறி போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். பணம் மாகாணத்தில்தான் இருந்தது; அதன் மேல் மன்னரின் கண் விழுந்தது, அவ்வளவுதான்.

படி 3: பூட்டிய பெட்டி

சரி, அந்தக் கண் எப்படி வேலை செய்தது? நடுக் கட்டத்திலிருந்து, இடையில் எந்த அலுவலகத்தையும் தொடாமல், நேராக மன்னருக்கு ஒரு கோடு இழுங்கள். அது ரகசியக் கடிதம். பூட்டிய பெட்டியில் போகும். ஒரு சாவி எழுதியவரிடம், இன்னொன்று மன்னரிடம். தந்தை காங்ஸி காலத்து வழக்கம்தான் என்றாலும், எழுதும் உரிமையை இவர் இன்னும் நிறையப் பேருக்குக் கொடுத்தார். பக்கத்து அதிகாரி தன்னைப் பற்றி என்ன எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது.

மன்னர் சிவப்பு மையில் தன் கைப்படப் பதில் எழுதுவார். ஹெனான் மாகாண ஆளுநர் தியென் வென்ஜிங்குக்கு, "நான் இப்படிப்பட்ட ஆள்தான்" என்கிற தொனியில் ஒருமுறை எழுதினார். அந்தப் பதிலையும் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

படி 4: மிச்சம்

ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய தலைவரி மாகாணம் மாகாணமாக நிலவரியோடு இணைந்தது; நிலமில்லாதவருக்குப் பாரம் குறைந்தது. மேற்கே சுங்கார்கள் என்ற மங்கோலிய இனத்தாரோடு போர் மூண்டபோது மன்னர் தன் அருகிலேயே ஒரு சிறு ஆலோசனைக் குழுவை வைத்துக்கொண்டார். அதுவே பின்னாளில் பேரவை என்ற, மன்னரின் உயர் ஆலோசனை மன்றமாக வளர்ந்தது.

அப்புறம், பென்சிலைக் கீழே வைக்காதீர்கள். விலைவாசி ஏறியபோது அந்தக் கூடுதல் வெள்ளியும் போதாமல் போனது. மாவட்டங்களில் வேறு பெயர்களில் மறுபடி வசூல் முளைத்தது. கீழ்க் கட்டத்தில், அழித்த 20 இருந்த இடத்திலேயே, ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.