ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34: அமெரிக்காவுக்குள் கொண்டுவரும் வழி
ஜப்பானிலிருந்து நிஸான் நிறுவனத்தின் ஆர்34 காரை வாங்கி அமெரிக்காவுக்கு இறக்குவதாக இருந்தால், முதலில் வண்டி தயாரான மாதத்தைப் பாருங்கள், ஏனென்றால் பாதுகாப்பு விதியிலிருந்து விலக்கு கிடைக்க 25 வருடம் முழுதாக முடிந்திருக்க வேண்டும். புகை விதிக்கு 21 வருடமே போதும். ஆனால் இன்ஜின் முதலில் வந்தபடியே இருக்க வேண்டும். டர்போவை (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) மாற்றிய வண்டி என்றால் இங்கேதான் சிக்கல், மலிவாகக் கிடைக்கிறதே என்று விழுந்துவிடாதீர்கள். சுங்கத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏவின் 3520-1 படிவமும் போக்குவரத்துத் துறையின் எச்எஸ்-7 படிவமும் கொடுக்க வேண்டும்.

சரி, கலிஃபோர்னியாவில் பதிவு செய்யப் போகிறீர்களா? அங்கே 1975-க்குப் பிந்தைய வண்டிக்கு வயதைக் காட்டித் தப்ப முடியாது. உரிமம் பெற்ற ஆய்வகத்தில் புகைக்குழாய்ப் புகை, பெட்ரோல் ஆவி இரண்டையும் சோதித்துச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும், அந்தச் செலவையும் வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.